உத்தரிக்கிற ஆன்மாக்களுக்காக மன்றாடுவது எப்படி: செட்டிநாட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

செட்டிநாட்டில் இறந்தவர்களை மறக்கும் வீடு குறைவு. நகரத்தார் வீடுகளில் முன்னோர்க்குப் படைப்பு நடக்கிறது. மற்றவர்கள் ஆடி, தை அமாவாசைகளில் திதி கொடுக்கிறார்கள். நாம் நவம்பர் 2ஆம் நாள் மெழுகுதிரியும் சாமந்திப்பூவும் வாங்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறோம். ஆனால் பக்கத்து வீட்டு ஆச்சி, "உங்களிலே செத்தவுகளுக்கு என்ன செய்வீக?" என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் "பூசை வைப்போம்" என்ற இரண்டு சொற்களோடு நிறுத்திக்கொள்கிறோம். ஏன் வைக்கிறோம், எப்படி வைக்க வேண்டும், பூசையைத் தவிர வேறு என்ன செய்யலாம் என்பவற்றை ஒரு குடும்பம் தானே முறையாகச் செய்துகொள்ளும் அளவுக்கு இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. நம் பாட்டிமார் "உத்தரிக்கிற ஸ்தலம்" என்றார்கள். இன்றைய மறைக்கல்வி நூல்கள் "உத்தரிப்பு நிலை" என்றும் "தூய்மை பெறும் நிலை" என்றும் எழுதுகின்றன. உத்தரித்தல் என்பது நம் பழைய கிறிஸ்தவத் தமிழில், செய்த தவற்றுக்கு ஈடு செய்து தீர்த்தலைக் குறிக்கும். கடவுளோடு நட்பில் இறந்து, மீட்பு உறுதியான பிறகும், இன்னும் முழுமையாகத் தூய்மை அடையாதவர்கள் விண்ணக மகிழ்ச்சிக்குள் நுழையுமுன் தூய்மைபெறுகிறார்கள் என்று "கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி" என்ற நூல் 1030ஆம் எண்ணில் கற்பிக்கிறது. ஆகவே உத்தரிப்பு என்பது நரகத்துக்கும் விண்ணகத்துக்கும் நடுவே தொங்கும் மூன்றாவது முடிவு அன்று. அங்கே இருப்பவர்கள் எல்லாரும் விண்ணகம் போகிறவர்களே. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1999 ஆகஸ்டு 4ஆம் நாள் ஆற்றிய மறைக்கல்வி உரையில், இச்சொல் ஓர் இடத்தைக் குறிக்கவில்லை, ஒரு நிலையைக் குறிக்கிறது என்று விளக்கினார். எனவே "ஸ்தலம்" என்பதை ஊர் பேர் போல எடுத்துக்கொண்டு, அங்கே எத்தனை வருடம், எவ்வளவு சூடு என்று கணக்குப் போட வேண்டியதில்லை.

மன்னிப்புக் கிடைத்த பிறகு தூய்மை எதற்கு என்ற கேள்வி மறைக்கல்வி வகுப்பில் ஆண்டுதோறும் வரும். அதற்கு நான் சொல்லும் விடை என் சிறு வயதில் நடந்தது. என் தகப்பனார் ஒரு நகரத்தார் வீட்டில் கணக்கு எழுதினார். அந்த வீட்டின் வளவுச் சுவர், சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரியும்படி மெருகேற்றியது. எட்டு வயதில் நான் அதில் ஆணியால் ஒரு முழ நீளத்துக்குக் கோடு கிழித்துவிட்டேன். அந்த வீட்டு ஆச்சி என் அழுகையைப் பார்த்து அந்த நிமிடமே மன்னித்துவிட்டார், அதிரசம்கூடக் கொடுத்தார். ஆனால் கோடு சுவரில் அப்படியே இருந்தது. மறுநாள் கொத்தனார் வந்து அந்த இடத்தைச் சுரண்டி, மீண்டும் பூசி, உள்ளங்கையளவுக் கல்லால் காலையிலிருந்து மாலை வரை இரண்டு நாள் தேய்த்தார். இரண்டு நாளும் அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று தகப்பனார் என்னைப் பணித்தார். குடம் கனத்தது, நடக்க முடியாமல் நான் நின்றபோது, சுவரைத் தொட்டே இராத என் அக்காள் வந்து பாதிக் குடங்களைச் சுமந்தாள்.

பாவத்தின் குற்றம் மன்னிக்கப்பட்ட பிறகும், அது நம்மிலும் உலகிலும் விட்டுச்சென்ற கீறல் இருக்கிறது. மறைக்கல்வி நூல்கள் "தற்காலிகத் தண்டனை" என்று சொல்வது இதையே. அதைத் தீர்க்கும் வேலையில் இன்னொருவர் தோள் கொடுக்கலாம் என்பதுதான் இறந்தோருக்கான மன்றாட்டின் முழுப் பொருள். ஆச்சியின் மன்னிப்பை என் அக்காள் விலைக்கு வாங்கவில்லை, அது ஏற்கெனவே கிடைத்திருந்தது. அவள் செய்தது தம்பியின் குடத்தைப் பிடித்தது மட்டுமே.

இந்த நம்பிக்கைக்கு மறைநூலில் பெரிதும் எடுத்துக்காட்டப்படும் பகுதி 2 மக்கபேயர் 12:38-45. போரில் மடிந்த வீரர்களின் உடைக்கடியில் யாம்னியா ஊர்ச் சிலைகளுக்குரிய பொருள்கள் இருப்பதைக் கண்ட யூதா மக்கபே, வீரர்களிடமிருந்து ஏறத்தாழ இரண்டாயிரம் வெள்ளிக் காசுகள் திரட்டி, அவர்களுக்காகப் பாவம் போக்கும் பலி ஒப்புக்கொடுக்க எருசலேமுக்கு அனுப்பினார். சீர்திருத்தச் சபையிலிருக்கும் உறவினர்கள் "அது எங்கள் வேதாகமத்தில் இல்லையே" என்பார்கள். அது உண்மைதான், அந்த நூலை அவர்கள் திருமுறையில் ஏற்பதில்லை. அவர்களிடம், நெருப்பில் அகப்பட்டவர் போல மீட்புப் பெறுவதைச் சொல்லும் 1 கொரிந்தியர் 3:15ஐயும், மறுமையிலும் மன்னிப்புப் பெறாத பாவத்தைச் சொல்லும் மத்தேயு 12:32ஐயும் அமைதியாக வாசித்துக்காட்டலாம். வாக்குவாதம் வேண்டாம், அதுவும் துக்க வீட்டில் வேண்டவே வேண்டாம். புனித மோனிக்கா கி.பி. 387இல் ஓஸ்தியாவில் இறக்கும் தறுவாயில், தம் உடலை எங்கே அடக்கம் செய்தாலும் கவலையில்லை, ஆண்டவரின் பீடத்தில் தம்மை நினைக்க வேண்டும் என்று மட்டுமே மகன் அகுஸ்தீனாரிடம் கேட்டார் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் ஆயர்களின் பேரவைகளான பிளாரன்சு சங்கமும் திரிதெந்தீன் சங்கமும் இக்கோட்பாட்டை வரையறுத்தன. 1563இல் திரிதெந்தீன் சங்கம் அதே ஆணையில், ஆயர்கள் இதைப் பற்றிய வீண் ஆராய்ச்சிகளையும், மூடநம்பிக்கையையும், இழிவான பண ஆதாயத்துக்கு இடம் தருவனவற்றையும் தடுக்க வேண்டும் என்றும் சொன்னது. இந்தப் பின்பாதியை நாம் அதிகம் சொல்வதில்லை.

பேரேட்டிலிருந்து தொடங்குங்கள்

செய்ய வேண்டிய முதல் வேலைக்குக் கோயிலுக்குப் போக வேண்டியதில்லை. ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்கி, குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களை எழுதுங்கள். கணக்கு எழுதியே பழகிய என் தகப்பனார் இதற்கு ஒரு பேரேடே வைத்திருந்தார்: ஞானஸ்நானப் பெயர், வீட்டில் அழைத்த பெயர், உறவு, இறந்த நாள், அடக்கம் செய்த இடம் என்று ஐந்து பத்திகள். அடக்கம் செய்த இடம் என்ற பத்தியில் தேவகோட்டை, காரைக்குடி என்பவற்றோடு பர்மாவின் இரங்கூனும் மலாயாவின் ஈப்போவும் வரும். செட்டிமார் கடைகளோடு போய்த் திரும்பி வராதவர்கள் நம் குடும்பங்களிலும் உண்டு. கல்லறை எங்கே என்று தெரியாதவர்களுக்கு அந்தக் கட்டத்தில் சிறு சிலுவை ஒன்று போட்டுவிடுவார்.

யார் பெயரை எழுதலாம் என்று தயங்க வேண்டாம். திருச்சபைச் சட்டத்தின் 901ஆம் எண், உயிரோடிருப்போர், இறந்தோர் என எவருக்காகவும் குரு திருப்பலியை ஒப்புக்கொடுக்கலாம் என்கிறது. எங்கள் பேரேட்டில் அந்த ஆச்சியின் பெயர் இருக்கிறது. அவர் இறக்கும்வரை நாள்தோறும் நகரச் சிவன்கோயிலுக்குப் போய்வந்தவர். தற்கொலை செய்துகொண்டவர்களின் பெயரை எழுதாமல் விடும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அது தவறு. அவர்களுடைய மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கக்கூடாது என்றும், திருச்சபை அவர்களுக்காக மன்றாடுகிறது என்றும் மறைக்கல்வி 2283ஆம் எண்ணில் எழுதியிருக்கிறது. என்னைக் கேட்டால், அந்தப் பெயரைத்தான் முதலில் எழுத வேண்டும். ஞானஸ்நானம் பெற்று, விவரம் அறியும் வயதுக்கு முன் இறந்த குழந்தைக்கு உத்தரிப்பு இல்லை. அக்குழந்தையின் பெயரையும் எழுதுங்கள். அதன் பெற்றோருக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

திருப்பலிக் கருத்துக் கொடுத்தல்

இறந்தோருக்குச் செய்யும் உதவிகளுள் திருப்பலியே (பூசையே) தலையாயது. அது யாருக்காக, எதற்காக என்று குறிப்பதுதான் கருத்து. பங்கு அலுவலகத்தில் நாள், இறந்தவர் பெயர் ஆகியவற்றைக் கொடுத்து, "ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று குறிப்பிட்டால் போதும். இதை வாயால் சொல்லாமல் தாளில் எழுதிக் கொடுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். ஒருமுறை என் பெரியப்பாவின் ஆண்டு நினைவுக்குச் சித்தப்பா காணிக்கை கொடுத்துவிட்டு வந்தார். பதிவேட்டில் இரண்டு பெயரும் இடம் மாறிவிட்டன. காலைப் பூசையில் "காலஞ்சென்ற" என்ற அடைமொழியோடு தம் பெயரே வாசிக்கப்பட்டதை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்ட சித்தப்பா, அதற்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டு நன்றாக இருந்தார். இறந்தவர் பெயரை மேலே தனி வரியிலும், காணிக்கை தருபவர் பெயரைக் கீழே "கொடுப்பவர்" என்று குறித்தும் எழுதுங்கள்.

கொடுக்கும் தொகை பூசையின் விலை அன்று, காணிக்கை. அளவை மறைமாவட்டம் வகுத்திருக்கும். சிவகங்கை மறைமாவட்டத்தில் இருப்பவர்கள் தங்கள் பங்குத்தந்தையிடமே கேட்கலாம், புதுக்கோட்டை மாவட்டப் பக்கத்துச் செட்டிநாட்டு ஊர்களுக்கு மறைமாவட்டம் வேறு. கொடுக்க இயலாதவர்கள் கூசாமல் கேளுங்கள்: காணிக்கை பெறாவிட்டாலும் நம்பிக்கையாளரின், குறிப்பாக ஏழைகளின், கருத்துக்காகத் திருப்பலி நிறைவேற்றும்படி 945ஆம் சட்டம் குருக்களுக்குப் பெரிதும் பரிந்துரைக்கிறது. ஞாயிற்றுக்கிழமையே வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கவும் வேண்டாம். ஞாயிறுதோறும் ஒரு பூசையைப் பங்கு மக்களுக்காக ஒப்புக்கொடுக்கும் கடமை பங்குத்தந்தைக்கு உண்டு. ஆகவே ஒரே பூசை நடக்கும் சிற்றூர்க் கோயிலில் அந்த நாள் கிடைக்காது. வாரநாள் விடியற்காலைப் பூசையே போதும். பத்துப் பேர் மட்டும் இருக்கும் அந்தப் பூசையில் குடும்பமே போய் உட்கார்ந்து, பாவசங்கீர்த்தனம் செய்து நன்மை (நற்கருணை) வாங்குவது, பேரை வாசிக்கக் கேட்டுவிட்டு வருவதைவிட மிக மேலானது.

எந்த நாளில் வைப்பது என்பதிலும் குழப்பம் உண்டு. பழைய இலத்தீன் பூசைநூலில் 3, 7, 30ஆம் நாள்களுக்கெனத் தனி மன்றாட்டுகள் இருந்தன. நம் பக்கம் பங்காளிகள் கூடுவதற்கு வசதியாகப் பதினாறாம் நாளில் வைக்கும் குடும்பங்களும் உண்டு. அதில் குற்றமில்லை, அந்த எண்ணுக்குத் தனி ஆற்றல் இருப்பதாக நினைக்காதவரை. முப்பது நாள் இடைவிடாமல் ஓர் ஆன்மாவுக்காகவே ஒப்புக்கொடுக்கும் கிரகோரியார் பூசைகள், திருத்தந்தை பெரிய கிரகோரியார் தம் மடத்துத் துறவியான யுஸ்துஸ் என்பவருக்காகச் செய்வித்ததிலிருந்து வருவன. ஒரே குருவோ ஒரே பீடமோ தேவையில்லை, நாள்கள்தாம் தொடர்ந்து வரவேண்டும். ஒரு குருவே நான்கைந்து கிளைக் கிராமங்களைப் பார்க்கும் பங்கில் இதைக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாமல், துறவற இல்லங்களில் விசாரியுங்கள்.

நவம்பர் மாதம்

இறந்த எல்லாருக்குமாக ஒரு நாளை ஒதுக்கும் வழக்கத்தைப் பிரான்சு நாட்டுக் குளூனி மடத்தின் அதிபர் புனித ஒதிலோ பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் தம் மடங்களில் ஏற்படுத்தினார். அதுவே நம் கல்லறைத் திருநாள். முதல் உலகப் போரின் பிணக்குவியல்களுக்கு நடுவே 1915இல் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட், அந்நாளில் ஒவ்வொரு குருவும் மூன்று பூசை வைக்கலாம் என்று அனுமதி கொடுத்தார். அவற்றுள் ஒன்றுக்குத்தான் காணிக்கை பெறலாம். மற்றொன்று இறந்த நம்பிக்கையாளர் அனைவருக்காகவும், இன்னொன்று திருத்தந்தையின் கருத்துக்காகவும் ஒப்புக்கொடுக்கப்படும்.

நவம்பர் 1 முதல் 8 வரை நாள்தோறும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் இறந்தோருக்காக வேண்டுபவர், இறந்தோருக்கு மட்டும் ஒப்புக்கொடுக்கக்கூடிய பரிபூரண பலனை, அதாவது தற்காலிகத் தண்டனையை முழுதும் நீக்கத் திருச்சபை தரும் பலனை, அடையலாம். நவம்பர் 2 அன்று கோயிலைச் சந்தித்து, பரலோக மந்திரத்தையும் (கர்த்தர் கற்பித்த செபம்) விசுவாச அறிக்கையையும் சொன்னாலும் அது உண்டு. வழக்கமான நிபந்தனைகள் மாறா: பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்காக ஒரு பரலோக மந்திரமும் ஓர் அருள்நிறைந்த மந்திரமும், அற்பப் பாவத்தின் மீதுகூடப் பற்றில்லாத மனம். பாவசங்கீர்த்தனம் ஒருமுறை செய்தால் எட்டு நாளுக்கும் போதும். நற்கருணையும் திருத்தந்தைக்கான செபமும் ஒவ்வொரு நாளைய பலனுக்கும் தனித்தனியாக வேண்டும். ஒரு நாளுக்கு ஒரு பரிபூரண பலன்தான். கடைசி நிபந்தனை எனக்குப் பெரும்பாலும் கைகூடுவதில்லை. அப்போதும் பகுதிப் பலன் உண்டு என்பதால் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

இனிக் கல்லறை வேலை. நவம்பர் நமக்கு அடைமழைக் காலம். கல்லறையை அக்டோபர் கடைசி வாரத்தில், மழை விட்ட ஒரு காலையில் சுத்தம் செய்துவிடுங்கள். ஈரத்தில் அருகம்புல்லும் நெருஞ்சியும் வேரோடு வரும். செம்பூராங்கல் வைத்துக் கட்டிய பழைய கல்லறைகளின் துளைகளில் பாசி பிடித்திருக்கும். தென்னந்துடைப்பத்தால் தேய்த்து, வெயிலில் ஒருநாள் காயவிட்டுப் பிறகு சுண்ணாம்பு அடியுங்கள், இல்லாவிட்டால் முதல் மழையிலேயே வெள்ளை வழிந்து செம்மண்ணில் பாலாய் ஓடும். மெழுகுதிரியைக் கல்லின் மேல் நிறுத்தினால் காற்றில் நிற்காது. ஒரு மண்கலயத்தில் பாதி மணல் போட்டு, அதில் திரியை நட்டு, கலயத்தைச் சற்றே சாய்த்து வையுங்கள், தூறலிலும் எரியும். பக்கத்தில் யாரும் வராத கல்லறை ஒன்று இருந்தால் அதற்கும் ஒரு திரி வையுங்கள். பிறகு பேரேட்டைத் திறந்து, வீட்டின் இளைய பிள்ளை பெயர்களை உரக்க வாசிக்க, ஒவ்வொரு பெயருக்கும் எல்லாரும், "நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும் ஆண்டவரே, முடிவில்லாத ஒளி இவர்மேல் ஒளிர்வதாக" என்று பதில் சொல்லுங்கள். நேரமிருந்தால் 130ஆம் திருப்பாடலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாமியார் (குரு) கல்லறைகளை மந்திரிக்க வரும்வரை காத்திருக்கும் நேரத்தில் ஊர்க்கதை பேசுவது நம் வழக்கம். ஜெபமாலையில் ஒரு தேவ இரகசியமாவது சொல்லி முடித்துவிட்டுப் பேசலாம்.

சோறு, கனவு, கைப்பேசிச் செய்தி

இறந்தவருக்குப் பிடித்த பண்டத்தை இலையில் வைத்து அவருக்குப் படைப்பது நம் விசுவாசத்தோடு ஒட்டாது; ஆன்மா பசித்து வருகிறது என்று நாம் நம்புவதில்லை. அதே பண்டத்தைச் செய்து, அவர் பெயரால் பசித்தவருக்குப் போடுவது முழுக்க நம் வழி. இறந்தோருக்காகத் தருமம், தவமுயற்சி, பேறுபலன் (மேலே சொன்ன பலன்) ஆகியவற்றைச் செய்யுமாறு மறைக்கல்வி 1032ஆம் எண்ணில் பரிந்துரைக்கிறது. அம்மாவுக்கு வெள்ளைப் பணியாரம் பிடிக்கும் என்றால், ஆண்டு நினைவன்று ஐம்பது பணியாரம் சுட்டு முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோங்கள். பக்கத்து வீட்டுப் படைப்புக்கு அழைத்தால் போய் மரியாதையாக இருந்துவிட்டு வருவதில் எனக்குத் தயக்கமில்லை. அவர்கள் பாசத்தை நாம் எடைபோட வேண்டியதில்லை.

இறந்தவர் கனவில் வந்து தண்ணீர் கேட்டார் என்றால் அஞ்சாமல் ஒரு ஜெபமாலை சொல்லுங்கள். அதற்கு விளக்கம் கேட்டுக் கோடாங்கியிடமோ, ஆவியோடு பேசுவதாகச் சொல்லும் ஜெபக்காரரிடமோ போகாதீர்கள். இறந்தோரை அழைத்துப் பேசுவதை மறைக்கல்வி 2116ஆம் எண்ணில் தெளிவாக விலக்குகிறது. இந்தச் செபத்தை ஒருமுறை சொன்னால் ஆயிரம் ஆன்மா விடுதலை, பத்துப் பேருக்கு அனுப்பு என்று வரும் வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடுங்கள். ஆன்மாக்களை எண்ணிக்கை போட்டுத் தரும் அதிகாரம் யாருக்கும் இல்லை.

எரியூட்டலைப் பற்றி ஒரு வரி: திருச்சபை அதை 1963 முதல் அனுமதிக்கிறது. ஆனால் சாம்பலை ஆற்றிலோ கடலிலோ கரைக்காமல், வீட்டிலும் வைத்துக்கொள்ளாமல், கல்லறைத் தோட்டம் போன்ற புனித இடத்தில் அடக்க வேண்டும் என்று 2016இல் உரோமை அறிவுறுத்தியது.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள், "எங்களால் நவம்பரில் வர முடியாதே" என்று வருந்துகிறார்கள். பலனுக்கு எந்தக் கல்லறைத் தோட்டமும் போதும், சொந்தக்காரரின் கல்லறையாக இருக்க வேண்டும் என்று விதியில்லை. என் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். நவம்பர் முதல் வாரத்தில் ஒருநாள் வேலை முடிந்து, சுவா சூ காங் கல்லறைத் தோட்டத்துக்குப் பேருந்தில் போய், அங்கிருந்து கூப்பிடுவான். நான் இங்கே முகப்பில் உட்கார்ந்து தாத்தாவின் பேரேட்டை வாசிப்பேன். அவன் முன்பின் தெரியாத ஒருவரின் கல்லறைக்கு முன்னால் நின்றுகொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் பதில் சொல்வான். பட்டியல் முடிந்ததும், எதிரே இருக்கும் கல்லில் உள்ள பெயரையும் எழுத்துக் கூட்டி வாசிப்பான். அதற்கு நான் இங்கிருந்து பதில் சொல்வேன்.